வெள்ளையம்மாவுக்குக் கட்டிய வண்டி

எங்கள் ஊர் மண்பாதை பாகலூர் ரோட்டில் ஏறும் இடத்தில் வெள்ளையம்மா நிற்கிறாள். இரண்டு நட்ட கல், அவற்றின் மேல் குறுக்கே ஒரு பலகைக்கல். வயிற்றில் பிள்ளையோடு செத்துப்போன பெண்ணுக்கு இப்படி ஒரு சுமைதாங்கி நட்டால், அவள் இறக்கி வைக்காமல் போன பாரம் இறங்கிவிடும் என்பது இந்தப் பக்கத்து வழக்கம். சந்தைக்குப் போகிறவர்கள் ராகி மூட்டையையும் புளிக்கூடையையும் அதன் மேல் இறக்கிவிட்டு, கழுத்தைத் தேய்த்துக்கொண்டு, "வெள்ளையம்மா புண்ணியவதி" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உயிரோடு இருந்தபோது அவள் பாரத்தை ஒருத்தரும் இறக்கவில்லை. செத்த பிறகு ஊர்ப் பாரத்தையெல்லாம் அவள் தலையில் ஏற்றியிருக்கிறார்கள்.

நான் தில்ஷாத். என் வீட்டுக்காரர் நசருல்லாவுக்குப் புளி வியாபாரம். எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் திம்மராயன் வீடு. வெள்ளையம்மா அவனுடைய முதல் சம்சாரம். அவள் போன மறுவருஷமே முனிலட்சுமியைக் கட்டிக்கொண்டு வந்தான். கல்யாணத்தன்று முனியின் கழுத்தில் தாலியோடு இன்னொன்றும் ஏறியது. தங்கத்தில் சின்னதாக ஒரு வட்டப் பொட்டு. சவதிப் பொட்டு என்பார்கள். சவதி என்றால் சக்களத்தி. செத்துப்போன முதல் தாரம் அந்தப் பொட்டில் இருக்கிறாள், அவளை இரண்டாம் தாரம் கழுத்தில் சுமக்க வேண்டும். புதுச்சேலை எடுத்தால் முதலில் பொட்டுக்குக் காட்டிவிட்டுத்தான் உடுத்தலாம். பண்டிகைக்குப் பலகாரம் சுட்டால் முதல் பங்கு அதற்கு. மறந்தால் செத்தவளுக்குக் கோபம் வரும், வீட்டில் ஏதாவது நடக்கும்.

நடந்தது. முனிக்கு முதல் இரண்டும் பெண்கள், நல்லபடியாகத்தான் பிறந்தார்கள். அதற்குப் பிறகு உண்டான இரண்டும் உள்ளேயே செத்துப்போய், இழுத்துத்தான் எடுத்தார்கள். கடைசித் தடவை நான் பக்கத்தில் இருந்தேன். அவள் வெளுத்துப்போய்க் கிடந்தாள். மருத்துவச்சி கையைக் கழுவிக்கொண்டே, "கொழந்தை குறுக்க கெடந்துச்சு" என்றாள். திம்மராயனின் அக்கா நாகம்மா, புருஷன் செத்த பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள், "குறுக்க போட்டது யாரு? அவதான்" என்றாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் எது நடந்தாலும் வெள்ளையம்மாதான். பால் திரிந்தால் அவள். மாடு நொண்டினால் அவள். எனக்குப் பேயில் நம்பிக்கை கிடையாது. எங்களுக்கு ஜின் உண்டு, அது வேறு கணக்கு. ஆனாலும் உச்சி வெயிலில் அந்தக் கல்லைத் தனியாகத் தாண்டும்போது நானும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வேகமாகத்தான் நடப்பேன். ஏனென்றால் எனக்கு அவளைத் தெரியும். சுவர் மேல் கையை ஊன்றிக்கொண்டு என்னோடு ஊர்க்கதை பேசியவள். அவள் செத்த ராத்திரி அந்தச் சுவர் வழியாக அவளுடைய அலறலைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வண்டி மாடு இரண்டும் கொட்டிலில் சும்மாதான் நின்றன. ஆஸ்பத்திரிக்கு ஏன் கொண்டு போகவில்லை என்று மறுநாள் கேட்டதற்கு, "அதுக்குப் பொழுதே இல்ல பாயம்மா, திடீர்னு போயிட்டா" என்றான் திம்மராயன். ஊரும் அதைத்தான் நம்பியது.

ஒசூர் மதராஸோடு இருக்க வேண்டுமா, மைசூரோடு போக வேண்டுமா என்று ஆண்கள் டீக்கடையில் மேசையைத் தட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்த வருஷம். அப்போது முனி மறுபடியும் உண்டாகியிருந்தாள். வயிறு நன்றாக மேடிட்ட பிறகு, வளையல் வாங்கப் போகிறோம் என்று பொய் சொல்லி அவளைப் பாகலூர் சந்தைக்கு அழைத்துப் போனேன். எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு மிஷன் ஆஸ்பத்திரி வேன் சந்தைக்கு வரும். ஒரு டாக்டரம்மாவும் சாந்தம்மா என்ற நர்ஸும் அதில் இருப்பார்கள்.

டாக்டரம்மா முனியின் வயிற்றைக் கையால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். இதுவும் குறுக்கேதான் கிடக்கிறது என்று இங்கிலீஷில் சொன்னார். சாந்தம்மா கன்னடத்தில் சொல்ல, நான் முனிக்குத் தமிழில் சொன்னேன். வலி எடுப்பதற்கு முன்னால் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும். வயிற்றைக் கிழித்துத்தான் பிள்ளையை எடுக்க வேண்டும். வீட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தால் இந்தத் தடவை தாயும் தங்க மாட்டாள். கிழிக்கும்போதே, இனிமேல் உண்டாகாதபடி உள்ளே கட்டிவிடலாம். அதற்கு மட்டும் புருஷன் நேரில் வந்து சம்மதம் சொல்ல வேண்டும்.

"வவுறு என்னுது. சம்மதம் அவருதா?" என்று முனி சிரித்துக்கொண்டே கேட்டாள்.

நான் அதைக் கன்னடத்தில் சொன்னேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரி ரூல் அப்படி என்று சாந்தம்மாதான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

திரும்பி வரும்போது ஊர் எல்லையில் முனி வெள்ளையம்மா கல்லில் சாய்ந்துகொண்டு மூச்சு வாங்கினாள்.

"சாவறதுக்கு பயமில்லன்னு சொன்னா பொய்யிக்கா. பயமாத்தான் இருக்குது" என்றாள். "நான் பூட்டா அவரு இன்னொருத்திய கட்டுவாரு. எம் பொண்ணுங்க அவ கையில சோறு துன்னும். நான் அவ கழுத்துல பொட்டா தொங்கணும். பண்டிகைக்குப் பண்டிகை ஒரு எலைச் சோத்துக்குக் கோவிச்சுக்கிட்டு."

அன்று சாயங்காலமே திம்மராயனிடம் போய் நின்றேன். அவனைக் கெட்டவன் என்று சொல்ல எனக்கு மனசு வராது. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். பெண்கள் இரண்டையும் தோளில் தூக்கிக்கொண்டு ராகிக் கொல்லைக்குப் போவான். ஆனால் கண் எப்போதும் குழிந்தே கிடக்கும், தூக்கத்தைத் தொலைத்தவன் மாதிரி.

"தம்பி, வண்டி கட்டு. டாக்டரம்மா தெளிவா சொல்லிட்டாங்க. வலி வந்தப்புறம் ஓடறதுல பிரயோசனம் இல்ல" என்றேன்.

"வவுத்தக் கிழிக்கறதுன்னா சும்மாவா பாயம்மா? அதோட வுடாம, புள்ளையே வராம கட்டிடுவாங்களாமே. ஒரு ஆம்பளப் புள்ள வேணாமா?"

"ரெண்டு பொண்ணு உன் தோள்ல ஏறி உக்காருதே, அதுங்க யாரு வூட்டுப் புள்ளைங்க?"

உள்ளேயிருந்து நாகம்மாதான் வந்தாள். "உங்க வூட்டு சமாச்சாரத்த நீங்க பாருங்க பாயம்மா. கோவம் யாருதோ அவளை சாந்தி பண்ணிட்டா புள்ள நேரா திரும்பிக்கும். அமாவாசைக்கு கல்லுக்குப் பூசை போடறோம்" என்றாள்.

"அக்கா சொல்றதும் சரிதான். பூசை ஆவட்டும். பாக்கலாம்" என்றான் திம்மராயன்.

எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே ஒரு கல்லை எடுத்து அவன் மண்டையில் போட்டிருப்பேன். வேண்டாம் என்று சொல்பவனோடு சண்டையாவது போடலாம். பார்க்கலாம் என்பவனை என்ன செய்வது? முனியும் கேட்டாள். அழுதாள். சாப்பிடாமல் கிடந்தாள். இரண்டு பெண்களையும் அவன் எதிரே நிறுத்தி, இதுகளுக்காகவாவது என்றாள். பார்க்கலாம், பார்க்கலாம் என்றுதான் பதில். வயிறு கீழே இறங்கிக்கொண்டே வந்தது.

அமாவாசை மத்தியானம் கல்லைக் கழுவி மஞ்சள் பூசி, புதுச்சேலை சாத்தினார்கள். கண்ணாடி வளையலை வைத்து, இலை போட்டுச் சோறும் கறியும் படைத்தார்கள். ஊர்ப் பெண்கள் சுற்றி நின்றார்கள். நான் கொஞ்சம் தள்ளிப் புளியமரத்தடியில் நின்றேன். முனியைக் கல்லுக்கு நேரே உட்கார வைத்திருந்தார்கள். அந்த வெயிலில் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்க்க முடியவில்லை.

நாகம்மா கற்பூரத்தைக் காட்டிவிட்டுக் கேட்டாள். "சேலை வெச்சிட்டோம். வளையல் வெச்சிட்டோம். இன்னும் உனக்கு என்னா கொறை வெள்ளையம்மா? என்னா வேணுமோ கேளு, குடுக்கறோம்."

ஒவ்வொரு வருஷமும் கேட்பதுதான். யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். கேட்டுவிட்டு இலையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அன்றைக்கு முனியின் தலை மெல்ல ஆட ஆரம்பித்தது. கொண்டை அவிழ்ந்து முகத்தை மறைத்தது. அவள் அழுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"சேலை யாருக்குடா வேணும், திம்மராயா?"

கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. புருஷன் பேரைச் சொல்வதே பாவம் என்று நினைக்கிற முனியின் வாயில் அப்படி ஒரு வார்த்தை வராது. குரலும் அவளுடையது மாதிரி இல்லை. அடித்தொண்டையிலிருந்து, களைத்துப்போய் வந்தது.

"வண்டி கட்டுன்னு சொன்னனே. கட்டினியா?"

திம்மராயன் கையிலிருந்த தேங்காய் கீழே விழுந்து உருண்டது.

"விடியட்டும்னியே. விடிஞ்சுதா?"

அவன் அப்படியே மண்டி போட்டுவிட்டான். நாகம்மா திரும்பித் தம்பியைப் பார்த்தாள். அந்த வார்த்தை அவளுக்கும் புதுசு என்று அவள் முகமே சொன்னது. பொழுதே இல்லை என்று பத்து வருஷமாக அவன் சொன்னதைத்தான் அவளும் நம்பியிருந்தாள். அப்படியானால் சுவருக்கு இந்தப் பக்கம் நான் சந்தேகப்பட்டது சரிதான், பொழுது இருந்திருக்கிறது. அவள் வாய்விட்டுக் கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டு, விடியும்வரை காத்திருந்து செத்திருக்கிறாள்.

"இப்பக் கட்டுடா. என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ."

நாகம்மா வேப்பிலையைத் தேடினாள். அதற்குள் திம்மராயன் எழுந்து வீட்டைப் பார்த்து ஓடினான். அவன் ஓடி நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பெண்கள் இரண்டையும் என் வீட்டில் விட்டுவிட்டு நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். வைக்கோலைப் பரப்பி, அதன் மேல் கம்பளி விரித்து முனியைப் படுக்க வைத்தோம். பாகலூரைத் தாண்டி, எல்லையைத் தாண்டி வண்டி போய்க்கொண்டிருந்தது. திம்மராயன் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மாட்டைப் பார்த்தபடியே, "ஆட்டம் ஜாஸ்தியா இருக்குதா வெள்ளை? மெதுவா ஓட்டட்டுமா?" என்று கேட்டுக்கொண்டு வந்தான். முனி கண்ணை மூடியே கிடந்தாள். கை ஐஸ் மாதிரி இருந்தது. "முனி" என்று காதருகே கூப்பிட்டேன். இமைகூட அசையவில்லை. அவளோடு தனியாக அந்தக் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்க எனக்குப் பயமாக இருந்தது. யாரோடு உட்கார்ந்திருக்கிறேன் என்றே தெரியவில்லை. எனக்குத் தெரிந்த துவாவையெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வந்தேன்.

ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியபோது என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். "வலிக்குதுக்கா" என்றாள். அது முனிதான். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நிற்கும்போது விளக்கு வைக்கும் நேரம். டாக்டரம்மா பார்த்ததும், இப்போதே கிழிக்க வேண்டும் என்றார். ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்து வராந்தாவுக்குக் கொண்டு வந்தார்கள். உள்ளே போவதற்கு முன்னால் திம்மராயனைக் கூப்பிட்டார். பிள்ளையை எடுக்கும்போதே கட்டிவிடலாமா, இனிமேல் ஒரு தடவை உண்டானால் இவள் உடம்பு தாங்காது, உங்கள் சம்மதம் வேண்டும் என்றார். சாந்தம்மா அதைக் கன்னடத்தில் ஒரு தடவை நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

அவன் டாக்டரம்மாவைப் பார்க்கவே இல்லை. ஸ்ட்ரெச்சர் பக்கம் குனிந்தான்.

"வெள்ளை, நீ சொல்லு. கட்டிடலாமா? நீ சொன்னா சரி."

தலையை ஆட்டினால் போதும். பேயாக நின்று ஒரு வார்த்தை சொன்னால் காரியம் முடிந்தது. ஆட்டுடி, ஆட்டித் தொலையேன்டி என்று நான் மனசுக்குள் கத்தினேன்.

முனி கண்ணைத் திறந்து அவனை நேராகப் பார்த்தாள்.

"நான் வெள்ளையம்மா இல்லீங்க. முனிலட்சுமி. நான்தான் கேக்கறன். கல்லுகிட்ட கேட்டதும் நான்தான்."

திம்மராயன் சட்டென்று நிமிர்ந்தான். முகம் முதலில் வெளுத்தது, அப்புறம் கறுத்தது.

"ஏமாத்தினியா?" என்றான். இரண்டடி பின்னால் போனான். வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தான். "ஊரு முன்னாடி என்னை மண்டி போட வெச்சியே, எல்லாம் வேஷமா?" திடீரென்று நிறுத்தினான். "அந்த வார்த்தை எனக்கும் அவளுக்கும் மட்டுந்தான் தெரியும். உனக்கு யாரு சொன்னா?"

"நீங்கதான். தெனமும் தூக்கத்துல சொல்றீங்க. விடியட்டும் வெள்ளை, விடிஞ்சதும் கட்டறன்னு. கல்யாணம் ஆன நாள்லருந்து பக்கத்துல படுத்துக்கிட்டு கேக்கறன்." வலி வந்து பல்லைக் கடித்தாள். அது அடங்கியதும் மறுபடி பேசினாள். "அவ என் கழுத்துல இல்லீங்க. உங்க வாயில இருக்கறா. நான் செத்தா என் பேரும் அதோட சேந்துக்கும். அதைக் கேட்டுக்கிட்டு வேற ஒருத்தி படுத்திருப்பா."

அவன் சுவரில் சாய்ந்துவிட்டான்.

"செத்தவ கேட்டா வண்டி கட்டறீங்க. அவளும் உசுரோட இருக்கும்போதுதாங்க கேட்டா. நானும் உசுரோடதான் கேக்கறன்."

டாக்டரம்மா அவசரப்படுத்தினார். தாமதிக்க முடியாது என்றார். திம்மராயன் தரையைப் பார்த்தபடி நின்றான். அவன் வாயிலிருந்து பார்க்கலாம் என்று வந்தால் அவனை அங்கேயே கொன்றுவிட வேண்டும் என்று நான் முடிவு செய்திருந்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

"மாடி, அம்மா" என்றான். செய்யுங்கள் என்று அர்த்தம். அப்புறம் தமிழில் என்னைப் பார்த்து, "எடுக்கறதும் செய்யட்டும், கட்டறதும் செய்யட்டும். அவ கேக்கறா, செய்யட்டும்" என்றான். நான் அதைச் சொல்வதற்குள் டாக்டரம்மா கையைக் கழுவப் போய்விட்டார்.

சாந்தம்மா சீட்டில் எழுதப் பேர் கேட்டாள்.

"வெள்ளையம்மா" என்றான் அவன். சொன்னது அவனுக்கே தெரியவில்லை. அப்போதும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். சாந்தம்மா எழுதிக்கொண்டாள். திருத்துவதற்கு நான் வாயைத் திறந்தேன். முனி என் கையை அழுத்தினாள்.

"இருக்கட்டும்க்கா. அவளும் உள்ள வரட்டும்."

கதவு மூடிக்கொண்டது. நாங்கள் இரண்டு பேரும் வராந்தாவில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தோம். மாடுகள் அவிழ்க்கப்படாமல் நுகத்தடியிலேயே நின்றன. உள்ளேயிருந்து குழந்தை அழும் சத்தம் வந்ததும் நான் "அல்லாஹ்" என்று எழுந்துவிட்டேன். பெண் என்று சாந்தம்மா கதவைத் திறந்து சொன்னாள். அம்மா இன்னும் மயக்கத்தில் இருக்கிறாள், முழிப்பு வர வேண்டும் என்றாள். குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்தாமலே உள்ளே போனாள்.

முழிப்பு வரத்தான் நேரம் ஆனது. டாக்டரம்மா நாடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாந்தம்மா முனியின் கன்னத்தைத் தட்டித் தட்டி, சீட்டில் எழுதிய பேரைச் சொல்லித் தனக்குத் தெரிந்த தமிழில் கூப்பிட ஆரம்பித்தாள்.

"வெள்ளையம்மா! வெள்ளையம்மா, கண்ணைத் தொறம்மா!"

அந்தப் பேரைக் கேட்டதும் திம்மராயன் எழுந்து நின்றான். வாசற்படியைத் தாண்டவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"வெள்ளையம்மா! கேக்குதா? ஒனக்கு ஒண்ணும் ஆவல. புள்ளை பொறந்துடுச்சு. வெள்ளையம்மா!"

"ம்" என்று கட்டிலிலிருந்து பதில் வந்தது.

திம்மராயன் நிலைப்படியில் தலையை முட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதான்.